இடப்பக்கம் சாய்ந்த ஊதா

இன்று காலை ஊசி வழியே பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் செலுத்தியதும், ஊதா நிறம் புகைபோலக் கலைந்தபடியே, மேலே ஏறாமல், அக்ரிலிக் கலனின் இடப்பக்கச் சுவரை நோக்கிச் சாய்ந்தது.

எங்கள் ஓட்டக் கணக்கைக் காட்டும் கணினித் திரையிலோ அது நட்டநடுவே ஏறிக்கொண்டிருந்தது.

அணு உலையின் வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் கலனான ஸ்டீம் ஜெனரேட்டரில், நீர் நுழையும் பகுதியை நான்கில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரி இது. உண்மைக் கலனின் ரெனால்ட்ஸ் எண்ணை, அதாவது ஓட்டம் எந்த அளவுக்குக் கொந்தளிக்கும் என்பதைக் காட்டும் எண்ணை, இதில் எட்ட முடியாது. ஆனாலும் கொந்தளிப்பு நன்கு நிலைபெறும் அளவுக்கு வேகத்தை வைத்துக்கொண்டால், ஓட்டத்தின் பாங்கு பெரிதும் மாறாது என்ற நம்பிக்கையில்தான் சோதிக்கிறோம்.

பிழை எங்களுடையது. வாயிலுக்குச் சற்று முன்னால் குழாய் வளைகிறது. வளைவைக் கடந்து வரும் நீர் சீரான வேகத்தில் வராது என்று தெரிந்திருந்தும், கணக்கில் சீரான வேகத்தையே கொடுத்திருந்தோம்.

கலிபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையம் நினைவுக்கு வந்தது. அங்கே புதிதாகப் பொருத்திய கலன்களில் ஒன்று, ஓராண்டு ஓடுவதற்குள், 2012 ஜனவரி 31 அன்று கசிந்தது. மேல் வளைவுப் பகுதியில் குழாய்கள் அதிர்ந்து, ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருந்தன. வடிவமைப்புக்குப் பயன்பட்ட கணினி நிரல், அந்த இடத்தில் ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தது விசாரணையில் தெரியவந்தது. 2013 ஜூனில் நிலையத்தை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள்.

நாளை எங்கள் வாயிலுக்கு முன்னுள்ள குழாய் வளைவையும் சேர்த்து மறுபடி கணக்கிடுகிறோம்.

மாலையில் கலனை வடித்தபோது, இடப்பக்கச் சுவரில் மட்டும் மெல்லிய பழுப்புக் கறை படிந்திருந்தது. துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.