கொசுறுக்கு ஒரு மூஞ்சி, ஓசிக்கு ஒரு மூஞ்சி

இன்னிக்கு காய்கறிக்கார அக்காகிட்ட தக்காளி வாங்கிட்டு கொசுறு கேக்கலாம்னு வாய தொறக்குறதுக்குள்ள ஒரு கொத்து கறிவேப்பிலைய பையில திணிச்சு "வச்சுக்கோ கண்ணு"ன்னாங்க. ஃப்ரீன்னும் சொல்லல, சும்மான்னும் சொல்லல. காசு வாங்காம குடுக்குறதுக்கு நம்மகிட்ட எத்தன வார்த்த, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூஞ்சி. கொசுறுன்னா உரிமை, இனாம்னா மேல இருந்து கீழ போடுற மாதிரி, ஓசின்னா சொல்றவனுக்கு நக்கல் வாங்குறவனுக்கு குத்தல். கவர்மென்ட்டுக்கும் இது தெரியும் போல, 2006ல இலவச கலர் டிவின்னு இருந்தது 2011ல மிக்சி கிரைண்டர் வரும்போது 'விலையில்லா'ன்னு மாறிடுச்சு. டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கும் கட்டணமில்லா டிக்கெட்தான், ஆனா போன வாரம் ஒரு கண்டக்டர் "ஓசி டிக்கெட்லாம் பின்னாடி போங்க"ன்னாரு பாருங்க, எங்கம்மா எறங்குற வரைக்கும் பேசவே இல்ல.

தொல்காப்பியத்துலயே ஈ, தா, கொடுன்னு கேக்குறதுக்கு மூணு சொல்லு இருக்கு, கீழ இருக்கவன் ஈன்னு கேக்கணும், சமமானவன் தா, மேல இருக்கவன் கொடு. இப்போ அந்த ஈ பல்ல இளிக்கிறதுக்கு மட்டும்தான் மிச்சம்.

அம்மா இன்னும் பக்கத்து வீட்டு பாயசக் கிண்ணத்த கழுவி வெறுசா குடுக்கமாட்டாங்க, ரெண்டு ஸ்பூன் சக்கரையாவது போட்டுதான். இதுக்கு என்னம்மா பேருன்னு கேட்டேன். "பேரு என்னடா பேரு, சிந்தாம கொண்டு போய் குடு"ன்னாங்க.