மனப்பாடமாய்த் தெரிந்த சங்கீதத்தை வாசிக்கப் படித்த கதை

எங்கள் கிறிஸ்தவ சபையில் வயதான பெண்களுக்கு, வேதப் புத்தகத்தில் பாட்டாக இருக்கும் இருபத்திமூன்றாம் சங்கீதம் தண்ணீர் பட்ட பாடு. கீர்த்தனைப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு சரணம் பிசகாமல் பாடுவார்கள். எட்டிப் பார்த்தால் புத்தகம் வேறு ஏதோ பக்கத்தில் திறந்திருக்கும். என் கணவர் உபதேசியாராக, அதாவது சபை ஊழியராக, மாற்றலாகி, திருநெல்வேலிச் சீமையில் முக்கூடலுக்கு மேற்கே இருக்கும் இந்த ஊருக்கு நாங்கள் வந்த புதிதிலேயே, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இது எனக்குப் பிடிபட்டுவிட்டது. வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டால், "கண்ணாடி கொண்டுவரலை உபதேசியாரம்மா" என்பார்கள். அடுத்த வாரமும் கண்ணாடி வந்திருக்காது.

இந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் பீடிதான் பிழைப்பு. விடியற்காலம் எங்கள் கோயிலான சர்ச்சில் மணி அடிக்கும்போதே திண்ணையில் சொளகு என்கிற முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். இலை, தூள், நூல் எல்லாம் அந்தச் சொளகுக்குள்ளேயே இருக்கும். 25 பீடி ஒரு கட்டு, கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. இன்றைக்கு ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்களில் பலரை இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அம்மா சுற்றிய பீடிக்கு வாய் மடக்கிக் கொடுக்க வீட்டில் ஒரு சின்னக் கை வேண்டியிருந்தது. தம்பிமார் படித்தார்கள். அக்காமார் சுற்றிய பீடியில் படித்தார்கள். இதை அந்தப் பெண்கள் யாரும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குத்தான் கேட்கக் கேட்க நெஞ்சு பொறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் இரவு ஜெபத்துக்குப் பிறகுதான் முக்கியமான பேச்செல்லாம் நடக்கும். ஒருநாள் இதை எடுத்தேன். மாமனாரும் அந்தக் காலத்து உபதேசியார். அவர் சொன்னார்: "நம்ம ஊர்கள்ல கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கூரையாத்தான இருந்துது. திங்கக்கிழமை கரும்பலகை, ஞாயித்துக்கிழமை ஆராதனை." அது உண்மைதான். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் 1838இல் இறக்கும்வரை, சபை உண்டான ஊர்களிலெல்லாம் பள்ளிக்கூடமும் வரவேண்டும் என்றுதான் பாடுபட்டார். இந்த நாட்டில் ஒருநாளும் கால் வைக்காத இங்கிலாந்துப் பெண்மணி சாராள் தக்கரின் பெயரில் 1895இலேயே பாளையங்கோட்டையில் பெண்களுக்குக் கல்லூரி வந்துவிட்டது. கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாத பிள்ளைகளுக்கு சுவெய்ன்சன் அம்மையாரும் பள்ளி தொடங்கியது 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள். விரலால் தடவி வாசிக்கவும் வழி செய்துகொடுத்த இந்தத் திருநெல்வேலிச் சீமையில், கண் நன்றாய்த் தெரிகிற பெண்கள் கண்ணாடியைச் சாக்குச் சொல்லி ஒளிந்துகொள்வதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஊர்த் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை அம்மாவைப் போய்ப் பார்த்தேன். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தைப் பற்றி அவர்கள்தான் விவரமாய்ச் சொன்னார்கள். 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். கற்றுக்கொடுப்பவர் தன்னார்வலர், சம்பளம் கிடையாது. பாடப் புத்தகம் பள்ளி வழியாக வரும். 200 மணி நேரப் படிப்பு, முடிவில் ஒரு தேர்வு. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் ஐம்பது ஐம்பதாக மொத்தம் 150 மதிப்பெண். தேறினால் சான்றிதழ். நாமாக ஒரு நோட்டு வாங்கி நடத்துவதைவிடப் பள்ளியோடு சேர்ந்து நடத்துவது நல்லது என்று எனக்குப் பட்டது. சான்றிதழில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பெரியவர்களுக்கும் உண்டு.

பெயர் கொடுக்க வைப்பதுதான் பெரும் பாடு. "எனக்கு இனிமே எதுக்கும்மா படிப்பு? வீடு போ போங்குது, காடு வா வாங்குது" என்று ஒரு பெரியம்மை கையெடுத்துக் கும்பிட்டார்கள். இன்னொருவர், "மருமவ சிரிப்பா" என்றார்கள். வீட்டுக்கு வீடு நானே போனேன். சில வீடுகளுக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளையும் கூட்டிப்போனேன். என்னிடம் கூச்சப்பட்டவர்கள் அவளிடம் படவில்லை. "ஏளா, நீயே எனக்குச் சொல்லிக்குடு" என்று அவளையே வாத்தியாராக்கிக்கொண்டார்கள்.

இடத்துக்கும் யோசனை வேண்டியிருந்தது. கோயில் தாழ்வாரம் தாராளமாக இருந்தாலும் சாமி கும்பிடுகிற இந்து வீட்டுப் பெண்கள் அங்கே ஏறத் தயங்கினார்கள். அது நியாயம்தான். பள்ளித் திண்ணைக்கு மாற்றினோம். அங்கே ஒரு முடிவும் எடுத்தோம்: வகுப்பு நேரத்தில் வகுப்பு மட்டும். ஜெபத்தை நாங்கள் வீட்டில் முடித்துவிட்டு வருவோம். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிப்போம், அது எங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. "ஊழியக்காரங்க வீட்டுல இருந்துகிட்டு சுவிசேஷம் சொல்லாம அ ஆ சொல்லிக்குடுக்காவ" என்று சபையில் ஒருவர் வருத்தப்பட்டார். என் கணவர் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். எழுத்துக்குக் கூலியாக யாரிடமும் விசுவாசத்தைக் கேட்கக்கூடாது என்பதில் நாங்கள் இருவரும் ஒரே மனதாக இருக்கிறோம், அன்றும் இன்றும்.

கடைக்குப் பீடி கொடுத்துவிட்டு வந்து, பொழுது சாயும் நேரத்தில் வகுப்பு. சொளகைக் கொண்டுவராதீர்கள் என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள், கை ஓய்ந்தால் கூலி ஓயும். அதனால் கொண்டுவரச் சொன்னேன். வாசிப்பு நடக்கும்போது தகட்டை இலைமேல் வைத்து மறுநாளைக்கு இலை வெட்டுவார்கள், கண்ணும் வாயும் பலகையில் இருக்கும். கடைசி அரை மணி மட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுத்து. முதியோருக்குச் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்களுக்கு நான் அடித்துச் சொல்லக்கூடியது இது: அவர்கள் வேலையை வெளியே நிறுத்திவிட்டு வகுப்பு நடத்த முடியாது.

அகர வரிசையில் தொடங்கவில்லை. அ, ஆ, இ மூன்றும் சுழியும் வளைவுமாக, எழுதப் பழகாத கைக்கு மலை. ட, ப, ம என்று கோடு போட்டாலே வந்துவிடும் எழுத்துகளிலிருந்து போனோம். முன்பு அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்த காலத்தில் கொஞ்சம் படித்து விட்டுப்போன மதினி ஒருத்தி, "எங்களுக்கும் அப்பிடித்தான் ஆரம்பிச்சாவ" என்றாள். நூலை நொடியில் சுற்றி முடிச்சுப் போடுகிற விரல், பென்சிலைப் பிடித்ததும் விறைத்துப்போகும். பென்சில் முனை ஒடிந்துகொண்டே இருந்ததால் கொஞ்ச நாள் சாக்பீஸும் சிலேட்டும்தான்.

எனக்குப் பெரிய சவாலாக இருந்தது மனப்பாடம். எழுத்துகள் பாதி பழகியதும், தெரிந்த வசனத்தை வைத்தால் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று சங்கீதத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். விரலை ஓட்டி மளமளவென்று சொல்லிவிட்டார்கள். விரல் இரண்டாம் வரியில் நிற்கும்போது வாய் ஐந்தாம் வரிக்குப் போய்விட்டது. ஓதுவதும் வாசிப்பதும் வேறு வேறு என்பது அவர்களுக்கே தெரியாதபடி ஒன்றாகக் கலந்திருந்தது. சிறுவயதில் உபதேசியார் சொல்லச் சொல்லக் கேட்டு, சபையில் முழு அங்கத்தினராகும் திடப்படுத்தலுக்காக விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளையும் நெட்டுருப் பண்ணினவர்கள். அந்த நினைவு எவ்வளவு பெரிய சொத்து! அதை ஒதுக்கவும் எனக்கு மனமில்லை.

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் சங்கீதத்தைச் சொல் சொல்லாக எழுதி, துண்டு துண்டாக வெட்டி, திண்ணையில் கலைத்துப் போட்டேன். "பள்ளத்தாக்கு எங்க இருக்கு, எடுங்க பெரியம்மை." மேலே சொன்ன, காடு வா என்கிறது என்றார்களே, அந்தப் பெரியம்மைதான். ப-வில் தொடங்கும் ஒரு துண்டை எடுத்து "இந்தா" என்றார்கள். "எழுத்தைக் கூட்டுங்க" என்றேன். முகத்துக்கு நேரே தாளைப் பிடித்து, உதட்டை அசைத்து, "ப… ந்… தி…" என்று நிறுத்தினார்கள். மறுபடி ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு திண்ணையே அதிர, "பந்தி! ஏளா, பந்தி! அசனப் பந்திக்கு எழுதுற பந்தி!" என்றார்கள். இந்தச் சீமையில் அசனப் பண்டிகையில் உட்காராத கிறிஸ்தவர் உண்டா? ஊரே ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்தப் பந்தியைத்தான் சங்கீதக்காரன் "எனக்கு ஒரு பந்தியை ஆயத்தப்படுத்தி" என்று சொல்லியிருக்கிறான் என்பதை, அத்தனை வருடம் ஓதினவர்கள் அன்றைக்குத்தான் எழுத்தில் கண்டார்கள். பள்ளத்தாக்கை அவர்களே தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள்.

அன்றிலிருந்து துண்டுத் தாள்தான் எங்கள் பாடம். சாமி கும்பிடும் வீட்டுப் பெண்களுக்கு அம்மன் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸை அதே மாதிரி வெட்டினேன். அதில் தங்கள் தெருப் பெயரும் வரி கொடுத்த வரிதாரர் பெயர்களும் இருந்ததால் அவர்கள் எங்கள் ஆட்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். ரேஷன் கார்டு, பஸ் போர்டு, பீடிக் கடைப் பாஸ்புத்தகம் எதையும் விடவில்லை.

வேதப் புத்தகத்தை நேராகக் கையில் கொடுத்துவிட முடியாது. நாம் கோயிலில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து நீளநீளமாக வரும். ஸ்தோத்திரம், ஜாதிகள், க்ஷேமம் என்று வடஎழுத்துகள் வேறு. புதிதாக எழுத்துக்கூட்டுகிறவர் மூச்சு முட்டிப்போவார். யோவான் 11:35 கைகொடுத்தது. "இயேசு கண்ணீர் விட்டார்." மூன்றே சொல். ணீ ஒன்றுதான் கொஞ்சம் சிரமம். புத்தகத்திலிருந்து தானாக வாசித்த முதல் வசனம் எங்கள் வகுப்பில் பலருக்கு இதுதான். நண்பன் லாசருவின் கல்லறையண்டை ஆண்டவர் அழுததை வாசித்ததும், மகனைப் பறிகொடுத்த ஒரு அக்கா புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு மேற்கொண்டு பாடம் நடத்தவில்லை.

நடுவில் தொய்வும் வந்தது. கடையில் இலை வரத்து இல்லாத வாரங்களில் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டுக் களைத்து வந்தார்கள். டிசம்பரில் எங்களுக்கே கோயில் வேலை தலைக்கு மேல். சிலர் நின்றுபோனார்கள். அவர்கள் வீட்டுக்கு என் மகள் ஞாயிறு மாலையில் துண்டுத் தாள்களைக் கொண்டுபோனாள், இரண்டு பேர் திரும்பினார்கள்.

கையெழுத்து வந்ததும் வங்கிக் கணக்கைக் கைநாட்டிலிருந்து மாற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். இதற்கு விண்ணப்பம், ஆதார் நகல், புகைப்படம், மாதிரிக் கையெழுத்து எல்லாம் கேட்டார்கள். மாதிரி ஒரே போல இருக்கவேண்டும். கவுன்டர் முன்னால் நிற்கும்போது கை நடுங்கி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி விழுந்ததால், இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, படிவத்தில் இருக்கும் கட்டத்தின் அளவுக்கே தாளில் கட்டங்கள் போட்டு, நின்றுகொண்டே எழுதிப் பழகவைத்தோம். வங்கியில் உட்கார்ந்தா எழுதுகிறோம்? அடுத்த முறை ஏற்றுக்கொண்டார்கள். இந்த வழியில் போகிறவர்கள் கையெழுத்தைச் சுருக்கமாக, எழுத்துகள் தனித்தனியாக நிற்கும்படி முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

தேர்வு லெந்து என்னும் தவக்கால நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனையை விட எங்கள் பெண்களுக்கு மனமில்லை, தேர்வை விட எனக்கு மனமில்லை. சேகர ஐயரான போதகரிடம் பேசி அன்றைய ஆராதனையை முன்னதாக வைத்துக்கொண்டோம். ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் எல்லாரும் பட்டுச்சேலையோடே பள்ளிக்கு நடந்தோம். மற்றப் பெண்கள் கோயில் மதிலருகே எங்களுக்காகக் காத்து நின்றார்கள். சேர்ந்தே போய்ப் பேரன் பேத்திமார் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் வெளியே வாதமடக்கி மரத்தடியில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

கணக்கில் யாரும் சோடை போகவில்லை. இருபத்தைந்து இருபத்தைந்தாக ஆயுசு முழுக்க எண்ணினவர்கள். வாசிப்பிலும் நன்றாகச் செய்தார்கள். எழுத்தில்தான் சிலருக்கு மதிப்பெண் போதவில்லை, அவர்கள் அடுத்த தேர்வு எழுதப்போகிறார்கள். பெரியம்மை தேறிவிட்டார்கள். சங்கக் கூட்டத்தில் இப்போது வேதபாடம் அவர்கள்தான் கேட்டு வாங்கி வாசிக்கிறார்கள். நிறுத்தி நிறுத்தி வாசிப்பதால் கூட்டம் நீளுகிறது, யாரும் அவசரப்படுத்துவதில்லை.

எங்களுக்கு மறுபடி மாற்றல் வரும் காலம் நெருங்குகிறது. அடுத்து வரும் உபதேசியாரம்மாவுக்கு என்று ஒரு நோட்டில் எல்லாம் எழுதிவைத்திருக்கிறேன்: யார் எந்த எழுத்தில் தடுமாறுகிறார்கள், யாருக்கு மாலை நேரம் தோதுப்படாது, யார் வீட்டில் மருமகளையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்று. துண்டுத் தாள்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் தலைமையாசிரியை அம்மாவிடம் இருக்கின்றன. உங்கள் ஊரிலும் தொடங்க நினைத்தால் முதலில் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள், இல்லையென்றால் பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் கேளுங்கள்.