யாருக்கு இந்த மணி?

நேற்று ராத்திரி ராயபுரத்தில், எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆர்வோ பார்ட்டின் 'கான்டஸ்' என்ற இசைக்கோவையைக் கேட்டேன். இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனை நேரில் பார்க்க வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை வைத்திருந்தவர் இந்த எஸ்டோனிய இசையமைப்பாளர். 1976 டிசம்பரில் பிரிட்டன் இறந்துவிட்டார். அந்த ஏக்கத்தில் 1977-இல் எழுதியது. தந்தி வாத்தியங்கள், ஒரே ஒரு மணி, அவ்வளவுதான்.

முதலில் மணி மட்டும் மூன்று தடவை. அப்புறம் வயலின்கள் இறங்க ஆரம்பிக்கும். நம் காதுக்கு அது அப்படியே நடபைரவி ராகத்தின் அவரோகணம், அதாவது சுரங்கள் மேலிருந்து கீழே இறங்கும் வரிசை. அதே இறக்கத்தை இரண்டாம் வயலின் பாதி வேகத்தில், வியோலா அதிலும் பாதியில், செல்லோ இன்னும் பாதியில். டபுள் பாஸுக்கு வரும்போது 16 மடங்கு நிதானம். சாவு வீட்டு மாடிப்படியில் பிள்ளைகள் முன்னால் ஓட, வயசானவர்கள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குவார்களே, அப்படி.

கடைசி இடத்தில்தான் நான் உடைந்துபோகிறேன். எல்லாரும் தத்தம் சுரத்தில் வந்து நின்று, அழுத்தி இழுத்து, சட்டென்று விடுகிறார்கள். அதற்குச் சற்று முன்பே மணியை மெல்லத் தட்டியிருப்பார்கள், தட்டியதே தெரியாது. மிச்சமிருக்கும் அதன் ரீங்காரத்தில், இத்தனை நேரம் தாழ்ந்த 'க'வான சாதாரண காந்தாரத்திலேயே ஊறிய காதுக்கு, அதைவிட ஒரு படி உயர்ந்த அந்தர காந்தாரம் மெதுவாகத் துலங்கும். யாரும் வாசிக்காத சுரம்!

பக்கத்தில் இருந்த ஆயா காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடி முழுசாகக் கேட்டது.

"யாருக்குடா துக்க மணி?"

"இங்கிலாந்துல ஒரு இசைக்காரருக்கு, ஆயா."

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டது.