கருவி கத்தாத இடம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கட்டடம் ஒன்றின் மாடியில் எங்கள் வேலைத்தலம். கீழே உரக்கடை. மேலே ஆறு கணினிகள், யூபிஎஸ் பெட்டிகளின் ஓயாத முனகல். சென்னையிலிருந்து வரும் படக்காட்சிகளில் ஆட்களைப் பின்னணியிலிருந்து பிரித்துக் கொடுப்பது எங்கள் தொழில். ரோட்டோ என்போம். வீட்டில் "படத்துக்குக் கோடு போடுகிற வேலை" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அது இன்னும் வேலையாகப் படவில்லை.

அமெரிக்காவில் மேக்ஸ் ஃபிளெய்ஷர் 1915இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது கார்ட்டூனுக்காக. ஓடும் படத்தைக் கண்ணாடியில் விழுத்தி, ஒவ்வொரு பிரேமாக, அதாவது ஒவ்வொரு நிழற்படமாக, மேலே வரைந்தெடுக்கும் முறை அது. நாங்கள் கணினியில் செய்வதும் ஏறக்குறைய அதுதான். தலை, மேற்கை, முன்கை, ஒவ்வொரு விரல் என்று தனித்தனி வடிவங்கள். வினாடிக்கு 24 பிரேம். வயல் வரம்பில் ஒரு பெண்பிள்ளை தலைமுடி பறக்க ஓடிவரும் ஐந்து வினாடிக் காட்சி என்றால் 120 பிரேம், மூன்று நாள் வேலை.

2021இல், படக்காட்சிகளை ஒன்றுசேர்க்கும் நியூக் மென்பொருளோடு காப்பிகேட் என்ற கருவி வந்தபின் துறையில் பேச்சே மாறிவிட்டது. சில பிரேம்களைக் கையால் வெட்டிக் காட்டினால் மிச்சத்தைக் கணினி தானே கற்றுக்கொண்டு வெட்டும். அந்த வகைக் கருவி ஒன்றை நாங்களும் எடுத்தோம். காலம்தான் சரியில்லை. 2022 மார்ச் இறுதி, ஒரே நாளில் 13 மணி நேர மின்வெட்டு. கணினி கற்றுக்கொள்ளும் அந்தப் பயிற்சியை இரவில் ஓடவிட்டுப் போனால் காலையில் கணினி செத்துக் கிடக்கும். பாதியில் நின்றதை விட்ட இடத்திலிருந்து தொடர, இடையிடையே சேமிக்க வேண்டும் என்பதை இரண்டு இரவுகளைப் பறிகொடுத்த பிறகே படித்தோம்.

வயல் காட்சிக்கு ஒன்பது பிரேம் வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் 120உம் முடிந்திருந்தன. உடம்பு, பாவாடை, கால்கள் எல்லாம் சுத்தம். எனக்கு மகிழ்ச்சி, கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான்.

பக்கத்து மேசை அக்கா முன்பு முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை பார்த்தவர். அங்கே மண் முழுக்க இரும்புத் துண்டுகள். உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி எதற்கெடுத்தாலும் கத்தும். அதனால் விறாண்டியால் விரற்கடை விரற்கடையாக மண்ணை வாரிப் பார்ப்பார்கள். அவர் என் திரையை எட்டிப் பார்த்தார். "ஒவ்வொரு பிரேமாகப் பார்க்காதே தம்பி, ஓடவிடு" என்றார்.

ஓடவிட்டேன். நின்ற படத்தில் குறையே தெரியாத விளிம்பு, ஓடும்போது கொதிக்கும் பால் போலத் துடித்தது. 61 முதல் 74 வரையான பிரேம்களில், கை முகத்தைக் கடக்கும் இடத்தில் விரல்கள் காணாமல் போயிருந்தன. தோலும் தோலும் ஒரே நிறம். கறுத்த பனைமரத்துக்கு முன்னால் பின்னல் முடியைக் காணவில்லை. வீசிய கை காமராவில் கலங்கலாகப் பதிந்திருக்க, கணினி அதைக் கத்தரித்தது போல வெட்டியிருந்தது. நாம் வரைந்த வடிவமாக இருந்தால் அதன் வேகத்தைக் கொண்டே அந்தக் கலங்கலைக் கணக்கிட்டுவிடலாம்.

திருத்துவது அதைவிடச் சிக்கல். நம் கோட்டில் ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால் அடுத்த பத்துப் பிரேமும் கூடவே நகரும். கணினி தருவது கோடு அல்ல, கறுப்பு வெள்ளைப் படம். பிடித்து இழுக்க அதில் எதுவும் இல்லை. மேலே ஒட்டுப் போடத்தான் வேண்டும். நாம் வரைந்த கோடுகள் அடங்கிய வடிவக் கோப்பும் வேண்டும் என்று கேட்கும் இடங்களுக்கு முதலிலிருந்து கையால்தான் செய்து கொடுக்கிறோம்.

"கருவி கத்துகிற இடத்தில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். கத்தாத இடத்தில்தான் காலை வைத்துவிடுவார்கள்" என்றார் அக்கா. எட்டு ஆண்டு பனிவெயிலில் குந்தியிருந்தவரின் பேச்சு. மறுத்துப் பேச எனக்கு எதுவும் இல்லை.

வரைகிற நேரம் குறைந்தது உண்மை. பார்க்கிற நேரம் கூடிவிட்டது. வரையும்போது கைதான் களைக்கும், மனம் எங்காவது இரணைமடு வாய்க்காலோரம் போய் வரும். பார்ப்பதில் அந்தச் சலுகை கிடையாது. ஆனால் பார்ப்பதற்குக் கூலி என்று எந்த விலைப்பட்டியலிலும் ஒரு வரி இல்லை. மூன்று நாள் காட்சிக்கு இனி ஒரு நாள் போதும் என்று சென்னையிலிருந்து எழுதினார்கள். நேரக்குறிப்பில் "பார்த்தது: 5 மணி நேரம்" என்று நான் எழுதி அனுப்ப, பார்ப்பதற்கு எதற்கு ஐந்து மணி நேரம் என்று பதில் வந்தது.

விளக்கம் எழுதவில்லை. 61 முதல் 74 வரை, திருத்தாததையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடும் படமாக அனுப்பினேன். அடுத்த காட்சிக்கு ஒன்றரை நாள் தந்தார்கள்.