போர்த் தண்ணி, மழைத் தண்ணி

செப்டம்பர் 9
வயலுக்குப் பாய்ச்சும் ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரின் ஆய்வுச் சீட்டு வந்தது. பி.எச். (காரத்தன்மை) 8.8, இ.சி. (உப்பின் அளவு) 1.9, ஆர்.எஸ்.சி. (கால்சியம், மக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட்) 6. ஆர்.எஸ்.சி. 2.5-ஐத் தாண்டினாலே பாசனத்துக்கு ஆகாது. "உப்பு அதிகமில்லையே" என்கிறார்கள். பயமே அதுதான். உப்பு மிகுந்த தண்ணீரில் சோடியம் ஏறினாலும் களித்துகள் ஒட்டியே கிடக்கும். உப்பு குறைந்ததும் பிரிந்து மிதந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

செப்டம்பர் 10
இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் போர்த் தண்ணி, இன்னொன்றில் பிடித்து வைத்த மழைநீர். மொச்சை அளவு காய்ந்த மண்கட்டி ஒவ்வொன்று. அசைக்கவே இல்லை. போர்த் தண்ணியில் கட்டி பொலபொலத்து அடங்கியது, மேலே தெளிவு. மழைநீரில் பத்து நிமிடத்தில் கட்டியைச் சுற்றிப் பால் வளையம். சாயங்காலம் டம்ளரே கலங்கல்.

செப்டம்பர் 14
வானம் மூடியிருக்கிறது. இன்றைக்கு மழை வேண்டாம்.

செப்டம்பர் 17
ராத்திரி பெய்துவிட்டது. பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, ஓரடி தோண்டினால் புழுதி.

செப்டம்பர் 20
பொருக்கு அரை விரல் கனம். நகத்தால் நெம்பினால் ஓடு மாதிரி பெயர்கிறது. அடியில் உளுந்து முளை வெள்ளையாக, கொக்கி போல வளைந்து கிடக்கிறது. அடி வெட்டிய டின்னை மண்ணில் இறக்கி நீர் ஊற்றியதில் மணிக்கு 2 மி.மீ. கூட இறங்கவில்லை. பாசனம் படாத வரப்போரத்தில் 14.

செப்டம்பர் 22
கணக்கு: ஓர் அலகு ஆர்.எஸ்.சி. குறைய லிட்டருக்கு 86 மி.கி. சுத்த ஜிப்சம். ஏக்கரில் ஓர் அங்குலம் பாய்ச்ச லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஆறிலிருந்து 2.5-க்கு இறக்க 31 கிலோ. சரக்கு 75 சதம் என்றால் 41. போர்த் தண்ணி வந்து விழும் தொட்டியில் கட்டி ஜிப்சம்தான் போட வேண்டும், தூள் இறுகிப்போகும். தண்ணீர் அடியிலிருந்து மேலேறி வழியட்டும்.

அது தண்ணீருக்கு மட்டும். மண்ணுக்குத் தனி: மண் ஆய்வுச் சீட்டு சொல்லும் ஜிப்சம் தேவையில் பாதி, மேல் நாலு அங்குலத்தில் கலந்தால் போதும். ஆழ உழுதால் வீண். முதலில் வடிகால். ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து களித்துகளிலிருந்து சோடியத்தைத் தள்ளிவிட்டாலும், அந்தச் சோடியம் வெளியேற வழியில்லையென்றால் அங்கேயே நிற்கும்.

செப்டம்பர் 23
வடிகால் இரண்டடி ஆழம். வெட்டி முடியவில்லை.

அக்டோபர் 3
ஜிப்சம் கலந்து, தண்ணீர் கட்டி, நாலாம் நாள் வடித்தாயிற்று. வடிநீர் தெளிவாகப் போனது. அடுத்து பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு, 45 நாளில் மடக்கி உழ வேண்டும்.

அக்டோபர் 11
மூன்றாவது டம்ளர். ஜிப்சம் போட்ட பாத்தி மண், மழைநீர். வளையம் இருக்கிறது, ஆனால் மெல்லிசு. கிழக்கே இடி.