எத்தனையாவது நாள் ரத்தம் கொடுத்தீங்க?

மோதிரம் இறுகியதுதான் முதலில் தெரிந்தது. சோப்பு போட்டுத்தான் கழற்ற முடிந்தது. அடுத்த வாரம் சட்டை உரசினாலே இடது முலைக்காம்பு வலித்தது. தொட்டுப் பார்த்தால் அதற்கு நேர் அடியில் சின்ன வட்டு மாதிரி ஏதோ கெட்டியாக இருந்தது. எனக்கு 46 வயது. ஓர் ஆண் இதைப் போய் யாரிடம் சொல்வது என்று பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டேன். பேசாமல் இருந்திருக்கக் கூடாது. மனைவிதான், "என்னங்க, மோதிரத்தைக் கழட்டிட்டீங்க?" என்று கேட்டு விஷயத்தை வெளியே வரவழைத்தாள்.

நான் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்வது ஐந்து வருடமாக. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த ஒரு கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. ஆனால் பிட்யூட்டரியிலிருந்து விரைகளுக்குப் போகவேண்டிய உத்தரவு அதோடு நின்றுபோனது. என் உடம்பு தானாக டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதில்லை, வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். முதலில் தினமும் தடவும் ஜெல். போன வருடம் ஊசிக்கு மாறினேன்: டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் 250 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அதே சமயத்தில் எடையும் 94 கிலோவுக்கு ஏறியிருந்தது.

சரி, ரத்தப் பரிசோதனை செய்தோம். எஸ்ட்ரடையால், அதாவது ஈஸ்ட்ரோஜனில் முக்கியமான வகை, 71 பிகோகிராம். அந்த லேப் ஆண்களுக்குப் போட்டிருந்த உச்ச வரம்பு 40. அப்போது நான் பார்த்த மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. தினம் ஒரு அனஸ்ட்ரசோல், 1 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுத்தார். மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மாத்திரை அது. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமடேஸ் என்ற நொதியை அது தடுத்துவிடும்.

வலி போனது உண்மை. ஆனால் ஐந்தாவது வாரத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. காலையில் விரல்களை மடக்கவே சிரமம். தாம்பத்திய ஆசை அடியோடு இல்லை. ஊசி ஆரம்பிப்பதற்கு முன் இருந்ததைவிட மோசம். இரவில் தூக்கம் கலைந்து, காரணமே இல்லாமல் மனம் கனத்துக் கிடக்கும். ஈஸ்ட்ரோஜன் இன்னும் குறையவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மாத்திரையை விடாமல் விழுங்கினேன். மறுபடி பார்த்தபோது 5-க்கும் கீழே.

அப்புறம்தான் ஒரு ஹார்மோன் நிபுணரிடம் போனேன். அவர் பழைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "ஊசி போட்டு எத்தனையாவது நாள் ரத்தம் கொடுத்தீங்க?"

மூன்றாவது நாள். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. எனந்தேட் ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் டெஸ்டோஸ்டிரோன் உச்சிக்குப் போகும், பிறகு மெல்ல இறங்கும். மூன்று வாரத்துக்கான மருந்தை ஒரே தடவையில் கொட்டினால் அந்த உச்சி இன்னும் உயரம். டெஸ்டோஸ்டிரோன் ஏற ஏற எஸ்ட்ரடையாலும் கூடவே ஏறும். ஆணின் உடம்பில் இருக்கும் எஸ்ட்ரடையாலில் 80 சதவீதம் போல இந்த மாற்றத்தால் வருவதுதான். அரோமடேஸ் கொழுப்புத் திசுவில் நிறைய இருப்பதால் என் 94 கிலோவுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த லேப் செய்த சாதாரண இம்யூனோஅஸ்ஸே முறை (எதிர்ப்பொருள்களை வைத்து அளப்பது) பெண்களின் உயர்ந்த அளவுகளுக்குத்தான் ஒத்துவரும் என்றும், ஆண்களுக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறின் எடையை வைத்து அளப்பது) முறையில் பார்ப்பதுதான் நம்பகம் என்றும் சொன்னார்.

ஈஸ்ட்ரோஜன் ஆணுக்கு எதற்கு என்று கேட்டேன். 1994-ல் வெளியான ஒரு நோயாளியின் கதையைச் சொன்னார். 28 வயது, டெஸ்டோஸ்டிரோன் சரியான அளவு, ஆனால் ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி மரபணுக் கோளாறால் வேலை செய்யவில்லை. 204 சென்டிமீட்டர் உயரம். அந்த வயதிலும் எலும்பு வளர்ச்சித் தட்டுகள் மூடவில்லை, எலும்புகளோ பஞ்சு மாதிரி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்கும் எலும்பு அடர்த்தி குறைவு என்று ஸ்கேனில் வந்திருந்தது. அப்படிப்பட்ட நான் எலும்பைக் காக்கிற ஹார்மோனையே மாத்திரை போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

வீட்டுக்கு வந்து படித்ததில் 2013-ல் வந்த ஒரு ஆய்வு மனதில் நின்றது. ஏறக்குறைய 400 ஆண்கள். அவர்களுடைய சொந்த ஹார்மோன் சுரப்பைத் தற்காலிகமாக நிறுத்தி, வெவ்வேறு அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குக் கூடவே அனஸ்ட்ரசோல். தசையும் பலமும் குறைந்தது டெஸ்டோஸ்டிரோன் குறைவால். கொழுப்பு கூடியது ஈஸ்ட்ரோஜன் குறைவால். ஆசை குறைந்ததில் இரண்டுக்கும் பங்கு. என் ஐந்து வாரத்தை யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது.

நிபுணர் செய்தது இவ்வளவுதான்: மாத்திரையை நிறுத்தினார், ஊசியை வாரம் 80 மில்லிகிராமாகப் பிரித்தார், எடையைக் குறைக்கச் சொன்னார். மார்பைக் கையால் பரிசோதித்து, அல்ட்ராசவுண்டும் எடுத்து, பயப்படும்படியான கட்டி இல்லை என்று உறுதி செய்தார். இது முக்கியம். ஆணுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகக் கட்டி தெரிந்தால் ஹார்மோன் வேலை என்று நீங்களே முடிவு கட்டாமல் காட்டிவிடுங்கள். வெறும் மார்பகச் சுரப்பியின் வீக்கம் என்றாலும் ஆரம்பத்தில் கவனித்தால்தான் கரையும். ஒரு வருடத்துக்கு மேல் விட்டால் நார்த்திசுவாகி, அறுவை சிகிச்சையில்தான் எடுக்க வேண்டிவரும்.

மூட்டு வலி மூன்று வாரத்தில் போனது. ஆசை திரும்ப இன்னும் கொஞ்ச நாள் ஆனது. அந்த வட்டு நாலு மாதத்தில் கைக்குத் தட்டுப்படாமல் போயிற்று. இப்போது 87 கிலோ. அடுத்த ஊசிக்கு முந்தைய நாள் ரத்தம் கொடுக்கிறேன். கடைசியாக எஸ்ட்ரடையால் 38.

இதை எழுத உட்கார்ந்தது ஒரு தம்பிக்காக. எனக்கு ரொம்ப வேண்டியவன், ஊசி ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. நேற்று ராத்திரி போன் செய்தான். "அண்ணா, எஸ்ட்ரடையால் 52 வந்திருக்கு. அந்த அனஸ்ட்ரசோலைக் கேட்டு வாங்கிடட்டுமா?"

மார்பில் வலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. கை கால் வீக்கம்? இல்லை. தூக்கம், மனநிலை எல்லாம்? முன்னைவிட நன்றாக இருக்கிறதாம்.

ரத்தம் என்றைக்குக் கொடுத்தாய் என்றேன்.

"ஊசி போட்ட மறுநாள், அண்ணா."