வளவில் ஓர் உலகக் கோப்பை

நவம்பர் 20, 2022, ஞாயிறு

கத்தாரில் கால்பந்து உலகக் கோப்பை. இரவு ஒன்பதரைக்கு முதல் ஆட்டம், கத்தாரும் ஈக்வடாரும். வீட்டு வளவின், அதாவது நடுமுற்றத்தின், தூணோரம் டீவியை இழுத்துப் போட்டோம். பக்கத்து வீட்டுத் தம்பியும் வந்திருந்தான். லூசைல் ஸ்டேடியத்தில் மூன்று வருஷம் கம்பி கட்டியவன்.

"இன்று நான் ஒரு புலம்பெயர் தொழிலாளியாக உணர்கிறேன்" என்று ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ நேற்று பேசியதைச் சொன்னேன். "அப்ப ஜூலை மாசம் ஒரு நாள் கம்பி கட்டச் சொல்லுங்கண்ணே" என்றான்.

ஸ்டேடியத்தில் பீர் கிடையாதாம், ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் அறிவித்தார்கள். அதற்கெல்லாமா சண்டை போடுவார்கள் என்று ஆயாவுக்கு, என் பாட்டிக்கு, ஆச்சரியம். கத்தார் 0-2 என்று தோற்றது.

நவம்பர் 23

ஜெர்மனி அணி குரூப் போட்டோவில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. ஒருபாலின ஈர்ப்புள்ளவர்கள் உட்பட யாரையும் ஒதுக்காதே என்று சொல்லும் 'ஒன் லவ்' கைப்பட்டை கட்டினால் மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா மிரட்டியதற்கு எதிர்ப்பு.

"விருந்துக்குப் போன வீட்டுல இப்படியா நிப்பாங்க?" என்றார் ஆயா.

விருந்தாளி வாய் திறக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கத்தாருக்குப் போட்டியைக் கொடுத்தது 2010 டிசம்பரில். வாய் திறக்கப் பன்னிரண்டு வருஷம் இருந்ததே! அப்புறம் ஜெர்மனி ஜப்பானிடம் 1-2 என்று தோற்றதுதான் மிச்சம்.

நவம்பர் 30

நள்ளிரவு தாண்டி ஈரான், அமெரிக்கா ஆட்டம். 1998இல் லியோன் நகரில் இதே இரு அணிகள் மோதியபோது ஈரான் வீரர்கள் வெள்ளை ரோஜா கொடுத்தார்கள். அன்று ஜெயித்தது ஈரான், 2-1. இன்று அமெரிக்கா, 1-0.

காலையில் செய்தியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. கத்தாரிலிருந்து ஜெர்மனிக்கு 2026 முதல், குறைந்தது பதினைந்து வருஷத்துக்கு எரிவாயு போகப்போகிறது. நேற்றுதான் ஒப்பந்தம். வாயைப் பொத்தி ஆறு நாள்கூட முழுசாக ஆகவில்லை.

உலகக் கோப்பை வேலைகள் தொடர்பாகச் செத்துப்போனவர்கள் 400 முதல் 500 பேர் இருக்கலாம் என்று போட்டியை நடத்தும் தவாதியே ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். தம்பியிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, கட்டுக்கம்பி கிழித்த வடு இருக்கும் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கடைசி மூன்று மாதச் சம்பளத்தை அவன் கம்பெனி இழுத்தடித்துத்தான் கொடுத்தது.

டிசம்பர் 18

இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா! 3-3, பெனால்டியில் 4-2. கத்தார் அமீர் மெஸ்ஸிக்குக் பிஷ்த் என்ற கறுப்பு அரபு மேலங்கியைப் போர்த்திவிட்டதும் ஜெர்சி மறைகிறதே என்று போனில் ஒரே கூச்சல். ஆயாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "பரிவட்டம் கட்டுறாங்க, வேறென்ன?"

ஆட்டம் நடந்தது லூசைலில். தம்பி டீவியில் அந்த ஸ்டேடியத்தின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆயா அவன் பக்கம் திரும்பி, "அவங்க உனக்கு என்னப்பா சோறு போட்டாங்க?" என்று கேட்டார்.

"குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் ஆச்சி. வெள்ளிக்கிழமை மட்டும் கோழி."

ஆயா எழுந்துபோய் வெள்ளைப் பணியாரத் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.